வெள்ளை வாய்ப் பீரங்கி

திருகோணமலை
12.05.2024

அன்புள்ள சாருவுக்கு,

சுகமா? போனில் உனக்கு வாய் திறக்காது, தாளில் மூடாது என்று கம்பஸில் எல்லோரும் பகிடி பண்ணுவார்களே, அதனால்தான் தாள் எடுத்தேன்.

என் வேலை பிடித்திருக்கிறது. கடலோரக் குன்றில் ஒரு விடுதி கட்டுகிறார்கள். காணிக்குள்ளேயே விக்டோரியா மகாராணி காலத்துப் பீரங்கி மேடை இருக்கிறது. அரைவட்டக் கல் குழி. பீரங்கியைத் திருப்பப் போட்ட வளைந்த தண்டவாளம் துருப்பிடித்துக் கிடக்கிறது. கீழே வெடிமருந்து அறை, இப்போது வௌவால்களுக்கு. எல்லாம் இருக்கிறது, பீரங்கிதான் இல்லை. இதைப் பற்றி என்னைக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் கரையில் ஒரு பீரங்கி கிடக்கிறது என்றாயே, படம் எடுத்து, அளந்து அனுப்புவாயா? கட்டுரையில் உன் பெயரும் வரும். சத்தியம்.

உன்
நிவேதனா


பருத்தித்துறை
02.06.2024

அன்பு நிவேதனா,

உன் கடிதத்தைத் தபால்காரர் சந்தியிலேயே தந்தார். "பிள்ளை, வேலைக் கடிதமோ?" என்றார். இல்லை என்றதும் என்னைவிட அவருக்குத்தான் கவலை. எங்கள் ஒழுங்கையில் முதல் பட்டதாரி நான். எல்லோரும் என் வேலைக்காகக் காத்திருக்கிறார்கள்.

படங்கள் வைத்திருக்கிறேன். பின்பக்கத்தை இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தால்தான் கை முட்டும். வாய்க்குள் கை விட்டால் சுருளாக ஓடும் பள்ளக்கோடுகள் விரலில் படும். முதுகில் கிரீடச் சின்னம், அதன் கீழ் மகாராணியின் பெயரெழுத்துகள். திருகோணமலைக்குப் போன கப்பல் ஒன்று பாரில், அதுதான் கடலுக்குள் மறைந்து கிடக்கும் கல் திட்டில், ஏற, பாரம் குறைக்க இதைக் கடலில் தள்ளிவிட்டார்களாம். எங்கள் ஆட்கள் வடம் கட்டிக் கரைக்கு இழுத்தார்கள் என்று அப்பா சொல்வார்.

ஏன் இழுத்தார்கள் என்பதுதான் முக்கியம். இங்கே கரை நெடுகக் கடலுக்குள் அந்தக் கற்பார்தான். அதை ஊடறுத்து ஒரு வள்ளம் வரக்கூடிய வழி ஒன்றுதான். அதை வான் என்போம். கடலில் இருந்து பார்க்கும்போது பீரங்கியின் வாயும் பின்னால் பிள்ளையார் கோவில் கோபுரமும் நேராக வந்தால், வள்ளம் வானுக்கு நேரே நிற்கிறது. அதற்காகவே தைப்பொங்கலுக்குப் பானை இறக்கியதும் பீரங்கி வாய்க்கு வெள்ளை அடிப்போம்.

ஜிபிஎஸ் இருக்கிறதே என்று அப்பாவிடம் கேட்டேன். "உந்த மெசின் வாசல் மட்டும் கூட்டிக்கொண்டு வரும். உள்ளுக்கை பூரக் கண் வேணும். மாரிக் கடலிலை ரெண்டு முழம் விலத்தினால் வள்ளம் பிளந்துபோம்" என்றார்.

வேறு எதை விட்டாலும் இதை எழுதாமல் விடாதே.

அன்புடன்
சாருஜா


திருகோணமலை
05.07.2024

என் தங்கச் சாரு,

கட்டுரை நன்றாக வந்திருக்கிறது. சிவதர்ஷன் சேர், அவர்தான் எங்கள் மனேச்சர், உன் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஒரு சின்னக் கேள்வி. அது கிடக்கிற இடம் யாருடைய காணி? அடிக்குறிப்புக்காகத்தான்.

விருந்தினருக்குச் சரித்திரம் சொல்ல இங்கே ஓர் ஆள் எடுக்கப்போகிறார்கள். உன்னைச் சொல்லியிருக்கிறேன். வெள்ளை உடுப்புத்தான் போட வேண்டும். நீதான் கொஞ்சம் வாய் திறக்கப் பழக வேண்டும்!

நிவேதனா


பருத்தித்துறை
16.07.2024

அன்பு நிவேதனா,

அது ஒருவருடைய காணியும் இல்லை. கரைதான்.

வேலை விஷயத்தைக் கேட்டு அம்மா பிள்ளையாருக்கு மோதகம் நேர்ந்திருக்கிறா. வெள்ளையில் ஒரு பஞ்சாபி உடுப்புத் தைக்கக் கொடுத்துவிட்டேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று வாய் திறந்தும் பழகுகிறேன். தம்பி சிரிக்கிறான். உனக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

சாரு


திருகோணமலை
20.10.2024

அன்புள்ள சாரு,

போனும் எடுக்கிறாய் இல்லை, கடிதமும் இல்லை. கோபமா?

உங்கள் கரைப் பீரங்கி பத்திரமாக இங்கே வந்து சேர்ந்தது. சுண்ணாம்பைச் சுரண்டிக் கறுப்பு அடித்து மேடையில் ஏற்றியாயிற்று. பார்த்தால் மலைத்துப்போவாய். அனுமதி எடுப்பதற்கு ஏதோ ஒன்றை எழுதத்தானே வேண்டும்? உங்கள் வள்ளங்களுக்குக் குறியாக ஒரு கம்பு நட்டால் போதும்தானே?

அந்த வேலை இந்த முறை சரிவரவில்லை. ஆங்கிலம் சரளமாகப் பேசுகிற ஆள்தான் வேண்டுமாம். அடுத்த முறை பார்ப்போம். டிசம்பரில் திறப்பு விழா. கட்டாயம் வா. இரண்டு நாள் என்னோடு நிற்கலாம்.

என்றும் உன்
நிவேதனா


பருத்தித்துறை
24.11.2024

நிவேதனாவுக்கு,

கிரேன் வந்த அன்று நானும் கரையில் நின்றேன். அப்பாவும் மற்றவர்களும் குறுக்கே நின்று மறித்தார்கள். "ஐயா, இது எங்கடை வானுக்குக் குறி" என்றார் அப்பா. கிரேனோடு வந்தவர் சிரித்தார். "உங்கடை ஊர்ப் பட்டதாரிப் பிள்ளை சாருஜாதானே எழுதித் தந்தவ, இது ஒருதருக்கும் தேவையில்லாமல் கிடக்குதெண்டு?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இல்லை என்ற ஒரு சொல் போதும். அத்தனை பேருக்கு முன்னால் அது எனக்கு வரவில்லை. வராது என்று உனக்குத் தெரியும்.

என் பெயர் வரும் என்று சத்தியம் செய்தாய். வந்தது.

வீட்டில் அப்பா கேட்டார். "நீ எழுதினியோ?"

"ஓம் அப்பா, எழுதினனான். உப்பிடி எழுதேல்லை."

அவர் எழும்பி வலையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

கம்பு நட்டோம். இரண்டு நாளில் அலை கொண்டுபோனது. மண் நிரப்பிய எண்ணெய்ப் பரல் வைத்தோம், அதுவும் போனது. சீமெந்துத் தூண் எழுப்ப மாரி முடிய வேண்டும். இந்த மாதத் தொடக்கத்தில் முருகேசு மாமாவின் வள்ளம் பாரில் ஏறிப் பிளந்தது. அவர் தோள் முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பார்க்கப் போன என்னை மாமி வாசலிலேயே நிறுத்தி, "உன்ரை படிப்பு எங்களுக்குச் செய்தது காணும், இனிப் போ" என்றா.

அடுத்த நாள் விடிய, வள்ளங்கள் திரும்புகிற நேரம், பீரங்கி கிடந்த பள்ளத்துக்குப் போனேன். அந்த வெள்ளைப் பஞ்சாபியைப் போட்டிருந்தேன். கோபுரத்துக்கு நேரே நின்றேன். முதலில் அப்பாவின் வள்ளம் என்னைப் பார்த்து நேராக வந்தது. மற்றவை பின்னால் வந்தன. ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு விடியலும் போகிறேன். மழையென்றாலும் போகிறேன். நேற்று முருகேசு மாமாவின் தம்பி சுதாகரன் அண்ணை வள்ளத்தில் எழும்பி நின்று கத்தினார். "பிள்ளை, கொஞ்சம் கிழக்காலை தள்ளி நில்லு!"

தள்ளி நின்றேன்.

உன் விழாவுக்கு வரமாட்டேன். எனக்கு இங்கே வேலை இருக்கிறது.

சாருஜா