ஒத்திகைப் பயணி

பாப்பாவின் அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள்.

நான் தரை துடைக்கும் புது விமான நிலையத்தைத் திங்கட்கிழமை திறந்துவிட்டார்கள். அதற்கு முன்னால் ஒரு கூத்து நடந்தது. எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க, எங்களையே பயணிகளாக நடிக்கச் சொன்னார்கள். ஒத்திகைக்கு முதல் நாளே டிக்கெட் கொடுத்துவிட்டு, "பெட்டியில எதையாவது போட்டு எடுத்துட்டு வாங்க" என்றார் மேற்பார்வையாளர். மற்றவர்கள் பழைய செய்தித்தாளைத் திணித்துக்கொண்டு வந்தார்கள். என் டிக்கெட்டில் நம் ஊர்ப் பெயர் இருந்தது. அதனால் உங்களுக்கு வாங்கிய சட்டையையும் பாப்பாவின் கவுனையும் மடித்து வைத்துக்கொண்டு போனேன்.

பாஸ்போர்ட் பார்க்கும் பெண், "எதுக்காகப் போறீங்க?" என்று கேட்டாள். நடிப்பு என்பதே மறந்துபோய், "மூணு வருஷமாச்சும்மா, புள்ளையப் பாக்கணும்" என்றேன். அவள் முத்திரை குத்தினாள்.

கடைசிக் கதவுவரை போனதும், பயண அனுபவத்தை எழுதச் சொல்லி ஒரு தாள் கொடுத்தார்கள். நாற்காலி வசதி, தரை பளபளப்பு என்று எழுதினேன். குறை என்ற இடத்தில், 'விமானம்தான் இல்லை' என்று எழுதினேன். மேற்பார்வையாளர் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

பாப்பாவின் காலைத் தாளில் வைத்து வரைந்து அனுப்புங்கள், செருப்பு வாங்க வேண்டும். வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி கீழே வந்துவிட்டது. பெட்டியை நான் இன்னும் பிரிக்கவில்லை. ஓர் ஓரத்தில் செருப்புக்கு இடம் இருக்கிறது.

பாப்பாவின் அம்மா