ஏழாம் நம்பர் மலையும் தேங்காய் ரொட்டியும்

இன்று காலை அப்புத்தளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் தேங்காய் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள். வாசம் மூக்கில் பட்டதுதான் தாமதம், என் கால்கள் தேயிலை மலைக்குப் போகத் தயாராகிவிட்டன. நின்ற இடத்திலேயே சிரித்துவிட்டேன். எல்லாம் நீ பழக்கிவிட்ட பழக்கம்தான் தோழி, வேறென்ன?

குளவி கொட்டிய அன்று ஏழாம் நம்பர் மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தோம். உனக்கும் கொட்டியது, எனக்கும் கொட்டியது, கூட வந்த உன் நாய் மணியையும் விடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரமே நீ கூடையைத் தூக்கிவிட்டாய். என்னால் முடியவில்லை. தூரத்தில் ஆட்டோ சத்தம் கேட்டாலும் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

மாத முடிவுக்குள் வேலைக்கு வராவிட்டால் பெயரை வெட்டுவோம் என்று தோட்டத்து ஆபீஸிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். பெயர் போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய்விடும். இரண்டு பிள்ளைகளோடு நான் எங்கே போவேன்?

நீ முதலில் செய்தது பெரிய தப்பு. கையைப் பிடித்து நேரே நிரைக்குள் இழுத்துப் போனாய். ஓர் ஈ பறந்தது. நான் ஓடிய ஓட்டத்தில் உன் கூடைக் கொழுந்து முழுவதும் தண்ணீர் ஓடும் கானுக்குள் கொட்டிவிட்டது. நீ திட்டவில்லை. மறுநாள் மணியையும் கூட்டிக்கொண்டு வந்தாய். அதுவும் என்னைப் போலத்தான், மலைக்குப் போகும் வழியிலிருந்த மதகைத் தாண்டாமல் வாலைச் சுருட்டிக்கொண்டு நிற்கும். மதகடியில் வைத்து அதற்கு ஒரு துண்டு ரொட்டி கொடுத்தாய், எனக்கு ஒரு துண்டு. "இன்னிக்கு இது போதும். வாங்க ரெண்டு பேரும்" என்று திரும்பிவிட்டாய். அடுத்த நாள் பத்தடி தள்ளி ரொட்டி. அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம் தள்ளி. ஆறாம் நாள் மணி உன் பின்னாலேயே நிரைக்குள் போய் வாலாட்டிக்கொண்டு நின்றது.

"நாயே வந்துருச்சு. ஒனக்கு என்னாடி?"

மூச்சைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் வந்தேன். மாதம் முடிய நான்கு நாள் இருக்கையில், காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் நின்று, "வந்திருக்கேங்க!" என்று கத்தினேன். நாயைப் பார்த்துக் கற்றுக்கொண்டவள் என்று லயமே கேலி செய்தது. எனக்கு அது பட்டம் வாங்கியது போலத்தான் இருந்தது.

ஒன்று மட்டும் அப்போது எனக்குப் புரியவில்லை. மலையில் நிற்கும்போதெல்லாம் ஒரு கையை, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குக்குள் செருகியே வைத்திருப்பாய். கேட்டால், "குளிருதுடி" என்பாய். நானும் நம்பினேன்.

நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிவிட்டது. போன மாதம் கீழ் லயத்தில் நம் வயதுக்காரி ஒருத்திக்குக் குளவி கொட்டியது. இனி மலைப்பக்கமே வரமாட்டேன் என்று அழுதாள். நான் ரொட்டி சுட்டேன். அவளை மதகில் உட்கார வைத்துவிட்டு, முன்னால் போய் நிரையில் நின்றேன். செடிக்குள் ஏதோ ரீங்காரம் கேட்டது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் என் கை நடுங்க ஆரம்பித்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று கையைப் படங்குக்குள் செருகிக்கொண்டேன்.

அப்போதுதான் உன் குளிர் எனக்குப் புரிந்தது. அத்தனை பயத்தை வைத்துக்கொண்டா என்னையும் நாயையும் மலையேற்றினாய்? உன்னைப் போல ஒருத்தி எனக்குத் தோழியாக இருந்தாள் என்று யாரிடம் வேண்டுமானாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

நேற்று அவள் தானாகவே மதகைத் தாண்டி வந்து, என் பக்கத்து நிரையில் நின்றாள். என் கையைப் பார்த்து, "என்னா, குளிருதா?" என்றாள்.

"ஆமாடி, குளிருது" என்றேன்.