கப்பித்தானின் கல்லுக்குக் கொளுத்திய மெழுகுதிரிகள்

என் ஆசை அப்பாவுக்கு,

பள்ளிமுனைச் சேமக்காலை மணலுக்குள் நீங்கள் சுகமாய்க் கிடப்பீர்கள். நாங்கள்தான் சுகமில்லை. உங்கள் குழிக்குச் சீமெந்துச் சிலுவை வைத்தாயிற்று. பெயர் மட்டும் எழுதவில்லை. மேசன் மூன்று முறை கேட்டுவிட்டார். எந்தப் பெயரை எழுதுவது என்பதுதான் இப்போது வீட்டில் பிரச்சினை. ஓ.எல். சோதினையில் தமிழில் மட்டும் தப்பினவன் எழுதும் கடிதம், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடும்பப் பெயரான வன்டர்மேர் என்ற பெயர் கொண்ட பெரிய மனிதர்களின் படங்களையெல்லாம் பேப்பரிலிருந்து வெட்டி அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருந்தீர்களே: ஒரு கப்பலோட்டி, ஒரு படம் கீறியவர், ஒரு நீதவான், கடைசியாக ஒரு பந்தாட்டக்காரன். முந்நூறு வருஷத்து ஒல்லாந்தர்கள் எல்லாரும் எங்கள் சொந்தம். உலை வைக்காத நாளிலும் அந்தக் கதவைத் திறந்து காட்டுவீர்கள். நானும் ஆட்டோவின் முன்கண்ணாடியில் அந்தப் பெயரைப் பெரிதாய் எழுதினேன். ஒரு பொலிஸ்காரர் மறித்து, "இதென்ன, மருந்துக் கொம்பனியோ?" என்று கேட்டார்.

ஆத்துமாக்கள் திருநாளில் முதலில் ஒல்லாந்தர் கட்டிய டச்சுக் கோட்டைக்குத்தானே கூட்டிப்போவீர்கள்? இடிந்த தேவாலயத்தில் கிடக்கும், எங்கள் பூட்டனுக்கும் பூட்டன் என்று நீங்கள் சொன்ன கப்பித்தான் வன்டர்மேரின் கல்லறைக் கல்லைக் கழுவி, புது மெழுகுதிரிகளை அங்கே கொளுத்துவோம். அவர் எங்கள் வேதமே இல்லை என்று பங்குச் சுவாமி சொல்லியும் நீங்கள் கேட்கவில்லை. மிஞ்சிய துண்டுகள்தான் அம்மாவின் குழிக்கு.

போன மாதம் ஒல்லாந்திலிருந்து ஓர் அம்மையார் வந்தார். அவரும் வன்டர்மேர். கையில் குடும்பப் புத்தகம். கண்ணாடியில் பெயரைக் கண்டு என் ஆட்டோவை மறித்தார். வீட்டுக்கே கூட்டிவந்தேன். "நாங்களும் உங்கட ஆக்கள்தான்" என்று நான் நெஞ்சை நிமிர்த்த, மகள் றெஜினா அதை இங்கிலிசில் சொன்னாள். அவர் பக்கங்களைப் புரட்டி மெதுவாக ஏதோ சொன்னார். மகளின் முகம் மாறிவிட்டது.

"சொல்லு பிள்ளை."

"கப்பித்தானுக்குப் பிள்ளையள் இல்லையாம், அப்பா. விலைக்கு வாங்கின அடிமையளுக்குத்தான் ஞானஸ்நானம் குடுத்து இந்தப் பேரை வைச்சவராம்."

நான் சிரித்துவிட்டேன் அப்பா. அந்த அம்மையார்தான் அழுதார். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து ஆறுதல் சொன்னது அடிமையின் பேரன்.

ஆனால் சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறதே. அக்காவைக் கேட்டு வந்த வள்ளக்காரனை, "பேரில்லாதவனுக்கு வன்டர்மேர் வீட்டில பொம்பிளை குடுக்கிறேல்லை" என்று வாசல் படலையில் வைத்தே திருப்பினீர்கள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அவன் நல்லவன் என்று உங்களுக்குத் தெரியாதா? அக்காவுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. அதற்குப் பிறகு எவரையும் கட்டமாட்டேன் என்று இருந்துவிட்டா.

"அப்பாவின்ர பேரை வெறும் சவிரிமுத்து எண்டு மட்டும் சிலுவையில எழுதுவம், அக்கா" என்றேன். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா நிமிரவேயில்லை.

"முழுப் பேரையும் போடு."

"அடிமைப் பேரெண்டு தெரிஞ்சுமோ?"

"அதையும் எடுத்துப்போட்டா, நான் என்னத்துக்கடா இப்பிடி இருந்தனான்?"

அந்தக் கேள்விக்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா?

நாளைக்கு மேசன் வருகிறார். அக்கா சொன்னபடி முழுப் பெயரும் எழுதப்படும். ஒரு சத்தியமும் செய்கிறேன்: றெஜினாவைக் கேட்டு எவன் வந்தாலும் கதிரை போட்டு இருத்துவேன். அவன் பெயரைக் கேட்குமுன் அவள் விருப்பத்தைக் கேட்பேன்.

இப்படிக்கு,
அக்காவின் தம்பி, அதன்பிறகே உங்கள் மகன்,
அந்தோனி