இசில்மா வீட்டு ஃப்ரிட்ஜில் உன் அப்பாவின் மருந்து

லுக் அவுட், மாண்ட்செராட்
செப்டம்பர் 19

அன்பு மகள் கெசியாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் அந்த இங்கிலாந்தில், லெஸ்டர் குளிரில் நெஞ்சுச்சளி இல்லாமல் இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன். இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், புயலில் கூரை போகவில்லை, இரண்டு கோழிதான் போயின. ஆனால் கம்பங்கள் சாய்ந்து நான்கு நாள் கரண்ட் இல்லை, ஊரே இருட்டு, எதிர்வீட்டு இசில்மா வீட்டைத் தவிர. அவள் கூரையில்தான் பன்னிரண்டு சோலார் தகடும் உள்ளே அலமாரி உயரத்துக்கு பேட்டரியும் இருக்கிறதே. விளக்கைப் போட்டு ஜன்னலையெல்லாம் திறந்து வைத்தாள், காற்றுக்காகவாம். முன்பெல்லாம் கரண்ட் போனால் எல்லாரும் நம் ஜெனரேட்டரை நம்பி மீனையும் ஆட்டுக்கறியையும் பெயர் எழுதி நம் ஃப்ரீசரில் கொண்டுவந்து அடுக்குவார்கள். அந்த ஜெனரேட்டர் உப்புக்காற்றில் அரித்து முதல் நாளே நின்றுவிட்டது. அதே பொட்டலங்களோடு அதே ஆட்கள் என் வேலியைத் தாண்டி அவள் வீட்டுக்குப் போனார்கள். பாதிரியார் டேலிகூட எனக்குக் கையை மட்டும் காட்டிவிட்டு ஒரு முழுக் கோழியோடு போனார். எனக்கு வயிறு எரிந்தது, உன்னிடம் மறைப்பானேன்.

அந்தத் தகட்டுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததே நீதான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். ஞாயிற்றுக்கிழமை அவளோடு ஒரு மணி நேரம் பேட்டரியைப் பற்றிப் பேசுகிறாயாம், எனக்குப் பத்து நிமிடம். சரி, நீ முதலில் கேட்டது என்னைத்தான், ஒப்புக்கொள்கிறேன். நம் பழைய ஊர் பிளிமத்தில் என் வீட்டைச் சாம்பலில் புதைத்த எரிமலையே எனக்கு விளக்குப் போடட்டும், அதன் அடியில் கொதிக்கிற நீராவியில் கரண்ட் வரட்டும், அதுவரை என் கூரையில் யாரும் ஏறக் கூடாது என்று நான்தான் சொன்னேன். கிணறு தோண்டினார்கள், நல்ல சூடு இருக்கிறது என்றார்கள், நானும் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், தீவின் கரண்டுக்கு இன்னும் டீசல்தான் எரிகிறது.

இந்த லட்சணத்தில் அப்பாவின் இன்சுலின். புது டப்பாக்கள், இரண்டு மாதத்துக்கு உள்ளது. இசில்மாவிடம் கொடுக்கலாம் என்று அவர் முதல் நாளே சொன்னார், நான் கேட்கவில்லை, ஈரத்துணி சுற்றி வாளியில் வைத்தேன். மூன்றாம் நாள் மதியம் வாளித் தண்ணீர் கைசுட்டது. அவர் சர்ச்சுக்குப் போடுகிற தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, டப்பாக்களை அள்ளிக்கொண்டு, “வெரோனா, பொறாமை உனக்கு, நீ பட்டுக்கோ. எனக்கு இப்ப சாக நேரமில்ல” என்று சொல்லிவிட்டுத் தெருவைத் தாண்டிவிட்டார். தடுக்கத்தான் பின்னாலேயே ஓடினேன். அதற்குள் இசில்மா ஃப்ரிட்ஜைத் திறந்திருந்தாள். ஊர்ப் பொட்டலம் முழுக்கப் பிதுங்கிக்கொண்டிருந்தது, நடுத்தட்டு மட்டும் காலி.

“மொத நாள்லேருந்து இந்தத் தட்ட யாருக்கும் குடுக்கல. ஆல்ஃபர்ட் மருந்துக்குன்னு வெச்சிருந்தேன். நானே வந்து வாங்கியிருப்பேன், நீ கதவ மூஞ்சில சாத்திருவியோன்னு பயம்” என்றாள்.

சாத்தியிருப்பேன். ஐஸ் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள், குடித்தேன், அது அவ்வளவு ஜில்லென்று இருந்ததிலும் எனக்குக் கோபம்.

நேற்று கரண்ட் வந்துவிட்டது. மருந்தை வாங்கிவர எனக்குக் கால் வரவில்லை, அப்பா வேளாவேளைக்கு அங்கே போய் ஊசி போட்டுக்கொண்டு, அவள் கொடுக்கிற மரவள்ளி ரொட்டியும் தின்றுவிட்டு வருகிறார். நான் சுட்டதைவிட மெத்தென்று இருக்கிறதாம். ராத்திரி படுத்தால் அந்தக் காலித் தட்டுதான் கண்ணில் நிற்கிறது. மலை என் வீட்டைத்தான் எடுத்தது கெசியா, நான் வீம்பில் உன் அப்பாவையே கொடுக்கப் பார்த்தேன்.

அதனால் ஞாயிறு அன்று தகடு பற்றி மறுபடியும் கேள். முதலில் வேண்டாம் என்பேன், விட்டுவிடாதே, இன்னொரு தடவை கேள். கர்த்தர் உன்னையும் பிள்ளைகளையும் கைக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, இசில்மாவைக் கூப்பிடுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிடு.

உன்னைப் பெற்றவள்,
வெரோனா டூயிட்