பெஞ்சில் விட்ட வெள்ளை

செவ்வாய், இரவு. நாகலூர்.

வாட்டர்கலரில் வெள்ளையைப் பூசுவதில்லை. தாளை அப்படியே விட்டுவிட வேண்டும். வகுப்புத் தோழி மலர் மாலை பஸ்ஸில் வந்து, என் படத்துக்காக உட்காருவதாகச் சொல்லியிருந்தாள். பஸ் ஸ்டாப் பெஞ்சில் அவளுக்கு இடம் விட்டு மற்றதையெல்லாம் தீட்டினேன். பஸ் வந்தது. அவள் இறங்கவில்லை. போனையும் எடுக்கவில்லை.

டீக்கடை அக்கா எட்டிப் பார்த்தார்.

“ஏன் கண்ணு, பெஞ்சுல மட்டும் ஓட்டையாட்ட உட்டிருக்கற?”

“அங்க ஒருத்தி உக்காரணுங்க்கா.”

“கடைசி பஸ்ஸும் போயிருச்சே சாமி. வேணும்னா நா உக்காந்துக்கறேன். எனக்கு அந்த எடம் பத்தாது, அவ்வளவுதான்.”

சிரித்தேன். வேண்டாங்க்கா என்றேன். அவர் கடையைச் சாத்திவிட்டுப் போனார்.

இந்தப் பனியில் தாள் இன்னும் காயவில்லை. பெஞ்சுக்குப் பின்னால் தீட்டிய சில்வர் ஓக் மரத்தின் பச்சை மெல்ல அந்த வெள்ளைக்குள் கசிகிறது. அக்காவையே உட்காரச் சொல்லியிருக்கலாம்.