சிவப்புக் குறி போடாத மெயில்

பரவை
திங்கட்கிழமை

அன்பு மகன் ஜெயபாண்டிக்கு அப்பா நல்லகாமன் எழுதுவது. நீயும் உன்னோடு கப்பலில் வேலை பார்க்கிறவர்களும் சுகமாக இருக்க அழகரை வேண்டிக்கொள்கிறேன். நானும் சுகம் என்று பதிலுக்கு எழுதக் கை வரவில்லை, உடம்புக்கு ஒன்றும் இல்லை, அம்புட்டுத்தான். அம்மாவின் கருமாதிக் காரியம் போன வியாழக்கிழமை முடிந்தது. மொக்கைச்சாமி மாமாதான் தங்கச்சிக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் முன்னால் நின்று செய்தார். அஸ்வினி முந்தாநாள் வரை என்னோடு இருந்துவிட்டு வாடிப்பட்டிக்குப் போனாள், மாப்பிள்ளையும் எத்தனை நாள்தான் கடையில் சாப்பிடுவார். வீட்டைப் பூட்டிவிட்டு அங்கேயே வந்து இருங்கள் என்று அவள் ஒரே பிடிவாதம். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். அம்மா கடைசியாக அரைத்து வைத்த தோசை மாவு பிரிட்ஜிலேயே புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளிவிட்டது, அஸ்வினிதான் கொட்டிக் கழுவினாள், நான் அந்தப் பக்கமே போகவில்லை. பட்டறையை இன்று காலையில் திறந்துவிட்டேன். செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்ட வேண்டிய பம்புசெட் மோட்டார் ஏழு கிடக்கிறது, வெள்ளாமை பார்க்கிற சம்சாரிகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போகிறார்கள். பயிர் காய்கிறபோது அவர்களை அப்படி அனுப்புவது பாவம்.

இந்தக் கடிதத்தை ஏன் தாளில் எழுதுகிறேன் என்று நீ நினைப்பாய். மெயிலில் போட்டால் முதலில் உன் கேப்டன் கண்ணில்தான் படும். இது நீ மட்டும் படிக்க வேண்டியது. அடுத்த துறைமுகத்தில் புதிதாக ஒருவர் ஏறுகிறாராம், கவர் கொடுத்தால் அவர் கையில் கொடுத்துவிடுகிறோம் என்று உன் கப்பல் கம்பெனியின் சென்னை ஆபீஸில் சொன்னார்கள், அதனால் எழுதுகிறேன்.

நீ கப்பல் ஏறுகிறபோது எனக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தாயே, ஞாபகம் இருக்கிறதா. வீட்டிலிருந்து வருகிற சாதாரண மெயிலை எல்லாம் கேப்டன் ஞாயிற்றுக்கிழமைதான் மொத்தமாகப் பிரித்துக் கொடுப்பார், அவசரம் என்று குறி போட்டு வந்தால் மட்டும் எந்த நேரமானாலும் ஆளைக் கூப்பிட்டுக் காட்டுவார், பேசப் போனும் கொடுப்பார், ஆபீஸுக்குப் போன் செய்தாலும் அவர்களும் அதே குறியைப் போட்டு ஒரு மெயில்தான் அனுப்புவார்கள் என்றாய். லேப்டாப்பில் அந்த இடத்தையும் காட்டினாய். நான் தலையை ஆட்டினேன், மண்டையில் ஏறவில்லை. நீ போன பிறகு ஆரப்பாளையத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற தௌஹீத்திடம் போய் உட்கார்ந்து என் போனிலேயே செய்துகாட்டச் சொன்னேன். எழுதுகிற பக்கத்தின் மேல் மூலையில் மூன்று புள்ளி, அதைத் தொட்டால் ஒரு பட்டியல், அதில் ஒரு வரிக்குள் போனால் ஹை, நார்மல், லோ என்று மூன்று. ஹை என்பதைத் தொட்டால் மெயிலின் தலையில் சிவப்பாக ஒரு ஆச்சரியக்குறி உட்காரும். மோட்டாருக்கு வயரிங் படம் போடுகிற நோட்டில் அதையும் படம் போட்டு வைத்துக்கொண்டேன். கற்றுக்கொண்ட ஆசை சும்மா இருக்க விடவில்லை. ஆடி மாதம் உன் பிறந்தநாளுக்கு, அம்மா பாயசம் வைத்தாள், நீயும் நன்றாகச் சாப்பிடு என்று எழுதிச் சிவப்புக் குறியைப் போட்டு அனுப்பிவிட்டேன். இஞ்சின் ரூமில் வேலையில் இருந்த உன்னைக் கேப்டன் கூப்பிட்டுவிட, வீட்டில் யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று நீ கை எல்லாம் எண்ணெயோடு அத்தனை படியும் ஏறி ஓடினாயாம். “உயிர் போற விஷயமா இருந்தா மட்டும் அந்தக் குறியப் போடுங்கப்பா” என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு மெயில் எழுதினால் நார்மலில்தான் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன்.

அம்மாவுக்கு அந்தத் திங்கட்கிழமையே மூச்சு வாங்கியது. துணி காயப்போட மாடி ஏறியவள் பாதியில் உட்கார்ந்துவிட்டாள், காலும் வீங்கியிருந்தது. வெயில் என்றாள், நானும் வெயில் என்றே இருந்துவிட்டேன். புதன்கிழமை படுக்கவே முடியவில்லை, ஆட்டோவில் வைத்து மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். இருதயம் பலவீனமாக இருக்கிறது, நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, மருந்து ஏறட்டும், இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அன்று மத்தியானம் வராண்டாவில் உட்கார்ந்து உனக்கு எழுதினேன். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, பயப்படாதே, முடிந்தால் ஒரு வார்த்தை பேசு என்று. எழுதி முடித்து மூன்று புள்ளியைத் தொட்டேன், பட்டியலைத் திறந்தேன், ஹை என்பதையும் தொட்டேன். சிவப்புக் குறி வந்து உட்கார்ந்தது. உயிர் போகிற விஷயத்துக்கு மட்டும் என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது. இதோடு அனுப்பினால், உன் அம்மா முத்துத்தாய்க்கு உயிர் போகப்போகிறது என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமே என்று நினைத்தேன். திரும்பவும் உள்ளே போய் நார்மல் என்பதைத் தொட்டேன். குறி போய்விட்டது. அப்படியே அனுப்பினேன். இதுதான் நடந்தது ஐயா. காரியத்துக்கு முந்தின நாள் போனில் பேசினபோது, “மெயில் லேட்டாத்தான்ப்பா வந்திருக்கு, நீங்க என்ன செய்வீக” என்று நீ எனக்கு ஆறுதல் சொன்னாய். மெயில் லேட்டாக வரவில்லை. வந்து கேப்டனுடைய கம்ப்யூட்டரில் கிடந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்காக. நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், சொல்ல வாய் வராமல் சும்மா இருந்துவிட்டேன்.

புதன் சாயங்காலமே அம்மா கேட்டாள், அவனுக்குச் சொல்லிட்டீகளா என்று. சொல்லிவிட்டேன் என்றேன், அது பொய்யில்லை. வியாழக்கிழமை காலையில், போன் எதுவும் வந்துச்சா என்றாள். மத்தியானமும் கேட்டாள். வெள்ளிக்கிழமை கேட்கவில்லை. வார்டில் யாருடைய போன் அடித்தாலும் தலையை மட்டும் திருப்பிப் பார்ப்பாள். அஸ்வினி, அண்ணனுக்கு வேலையாக இருக்கும்மா என்றதற்கு, ஆமாம் அவனுக்கு வேலை கிடக்கும், நச்சரிக்கக் கூடாது என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்போதும் என்னால் எழுந்துபோய்க் குறியைப் போட முடியவில்லை. விடிந்தால் தேறிவிடுவாள் என்று ஒரு நினைப்பு.

சனிக்கிழமை காலையில் டாக்டர் பார்த்துவிட்டு, சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். அவர் போன பிறகு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். அவனுக்கு அவசரம் என்று போட்டு நான் அனுப்பவில்லை, அந்த மெயில் அவன் கைக்கே போயிருக்காது என்றேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். “அப்ப எம்புள்ளைக்கு இன்னும் தெரியாதா” என்றாள். தெரியாது என்றேன். “நாங்கூட தெரிஞ்சும் பேசலையோன்னு நெனச்சுட்டேன்” என்றாள். மூன்று நாளாக இறுகிப் போயிருந்த முகம் அப்போதுதான் இளகியது. மூன்று நாள் ஐயா, மூன்று நாள் அவளை அப்படிப் படுக்க வைத்திருக்கிறேன். “இப்பப் போடுங்க, அவன் கூடப் பேசணும்” என்றாள்.

போனை எடுத்தேன். புதன்கிழமை அனுப்பின மெயிலைத் திறந்து அதில் குறி போடப் பார்த்தேன், அனுப்பினதில் அந்த வரியே இல்லை. செட்டிங்ஸுக்குள் போனேன், மணிச் சத்தம், கையெழுத்து, என்னென்னவோ வந்தது, இது வரவில்லை. புதிதாக எழுதத் தொடங்கினால்தான் அது வரும் என்பதே மறந்துபோனது. படம் போட்டு வைத்த நோட்டோ பட்டறையில் கிடந்தது. கடைசியில் தௌஹீத்துக்குப் போன் செய்தேன், அவர், பதறாதீங்க அண்ணே என்று சொல்லி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லத் தொட்டு அனுப்பினேன். அம்மா பேச வேண்டும் என்கிறாள், அம்புட்டுத்தான் எழுதினேன். அப்போது மணி பத்தடிக்கப் போனது. போயிருச்சு என்று அவளிடம் காட்டினேன், அந்தச் சிவப்பைத் தொட்டுப் பார்த்தாள். உன் போன் வரும் என்று அஸ்வினி போனை அவள் காதுப் பக்கத்திலேயே வைத்தாள். பத்தரைக்கு அம்மா போய்விட்டாள். உன் போன் பதினொன்றேகாலுக்கு வந்தது. எடுத்ததும் நீ அம்மா என்றுதான் கூப்பிட்டாய்.

உனக்குப் பதிலாக நான்தான் கொள்ளி வைத்தேன். புதன்கிழமையே அந்தக் குறியோடு அனுப்பியிருந்தால் அன்று சாயங்காலமே உன் குரலைக் கேட்டிருப்பாள், மூன்று நாளும் கேட்டிருப்பாள். இதற்கு நான் என்ன சொல்லியும் தீராது. நீ என்னைத் திட்டு, கோபம் ஆறுகிற வரை திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

வேலையில் கவனமாக இரு. மனசு சரியில்லாத நாளில் கரண்ட் பக்கம் கை வைக்காதே, இன்னொருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. தை மாதம் இறங்குவாய் என்று ஆபீஸில் சொன்னார்கள், நேராக வீட்டுக்கு வா, அஸ்வினியையும் அழைத்துக்கொண்டு மூன்று பேருமாக இராமேசுவரம் போய் வரலாம். அழகரும் உன் அம்மாவும் உனக்குத் துணை இருப்பார்கள், நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. நான் போனில் தேடிக்கொண்டிருந்தபோது அம்மா ஒன்று கேட்கச் சொன்னாள். போன மாசம் நீராவி பட்டுக் கை வெந்துருச்சுன்னு எழுதியிருந்தானே, ஆறிருச்சான்னு கேளுங்க என்றாள். அவசரத்தில் அதை எழுத விட்டுவிட்டேன். ஆறிவிட்டதா ஐயா? மறக்காமல் பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
ச. நல்லகாமன்