மேற்கு அறை வாசலில் நிற்கிறவள்

யூன் 4, புதன்

இந்தக் கொப்பியில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்கு வெட்கமாக இருந்தாலும், ஒருவரும் நம்பாவிட்டாலும்.

கனடாவிலிருக்கும் பிரதாபன் அண்ணை ஒரு கேம் செய்கிறார். எங்கள் பக்கத்து வீடு அவருடைய அப்பப்பா அம்பலவாணருடையது. பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிற அந்த வீடுதான் கேமிலும் வருகிறது. திறப்பு எங்களிடம். வெள்ளிக்கிழமைகளில் பொழுதுபட நான் போய்க் கூட்டிவிட்டுச் சாமியறையில் விளக்கு வைப்பேன். முந்தி அம்மா செய்த வேலை.

கேமிலும் ஒரு பெட்டை அந்த வீட்டுக்குள் தனியே போய் விளக்கு வைக்கவேண்டும். ஆனால் அவளை ஆணாக மாற்றச் சொல்லி அண்ணையோடு கேம் செய்யும் கூட்டாளிகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்களாம். கேமின் முன்னோட்ட வீடியோவின் கீழே, "இதிலும் பெண்தானா?" என்று நூற்றுக்கணக்கானோர் எழுதியிருக்கிறார்கள்.

என் சொந்த அண்ணா மிதுஷனும் அந்தக் கட்சி. "உள்ளதைத்தானே சொல்லுறாங்கள்? இப்ப எந்தக் கேமைத் திறந்தாலும் பெட்டையள்தான். ஒரு பொம்பிளைப் பிள்ளை இருட்டு வீட்டுக்கை தனியப் போவாளோ? ஆர் நம்புவினம்?"

"நான் போறனான்தானே?"

"நீ என்ன கேமோ?"

யூன் 5, வியாழன்

பிரதாபன் அண்ணைக்கு மூன்று பக்கம் எழுதி, படமெடுத்து அனுப்பினேன். உண்மையையும் ஒப்புக்கொண்டேன்: அண்ணாவின் கேம்களில் நானும் ஆணைத்தான் தெரிவுசெய்வேன். அதில் வரும் பெண்களின் உடுப்போடு எங்கள் வேலியைக்கூடத் தாண்ட ஏலாது. பெண் வேண்டும் என்பதற்காக ஒருத்தியைக் கொண்டுவந்து ஒட்டினால் எனக்கும் பிடிக்காது. ஆனால் இது அந்த வீடு. அங்கே விளக்கு வைப்பது யார்?

மறுமொழி ஒரு வரி. "அப்ப நீ நடக்கிறதை வீடியோ எடுத்து அனுப்பு. அவங்களுக்குக் காட்டுறன்."

யூன் 6, வெள்ளி

அண்ணா பின்னால் வந்து எடுத்தான். திரும்பி வரும்போது கேட்டான். "மேற்கு அறை வாசலிலை ஏன் நிண்டனீ?"

"நான் எங்கை நிண்டனான்?"

"சும்மா நடியாதை."

யூன் 7, சனி

வீடியோவில் நிற்கிறேன். விளக்குத்திரியைக் கையில் பிடித்தபடி, அந்த அறை வாசலில், சுவரோரமாக ஒதுங்கி. நாற்பது செக்கன். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் சாமியறைக்குப் போகிறேன்.

எனக்கு நினைவில் இல்லை. அந்த இடத்தில் நின்ற நினைவே இல்லை!

யூன் 13, வெள்ளி

நிற்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன். அண்ணா எடுத்த வீடியோவில் இந்த முறையும் நின்றிருக்கிறேன்.

யூன் 26, வியாழன்

அனுப்பிய இரண்டு வீடியோவையும் வைத்து அண்ணை பெட்டையின் நடையைச் செய்து அனுப்பினார். முதுகு என்னுடையது. அதைப் பார்க்க என்னவோ போலிருந்தது. மிதுஷன் அண்ணா விளையாடினான். மேற்கு அறை வாசலில் அவள் நின்றுவிட்டாள். அவன் கீயை அமத்த அமத்த அவள் அசையவில்லை. சுவரோரமாக ஒதுங்கினாள். நாற்பது செக்கன்.

அதே வீட்டில் ஆணைப் போட்டுப் பார்த்தோம். அவன் விறுவிறென்று நடந்து போனான்.

பிரதாபன் அண்ணை தொலைபேசியில் சொன்னார். "நான் நடையை மட்டுந்தான் எடுத்தனான், பவா. நிக்கிற துண்டை வெட்டிப்போட்டன்."



யூன் 27, வெள்ளி

இன்று போகமாட்டேன் என்றேன். அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. எல்லாவற்றையும் சொன்னேன். அவ கையை நிறுத்தவில்லை.

"நானும் அதிலை நிக்கிறனான். சின்னனிலை உன்னைக் கையிலை பிடிச்சுக்கொண்டு போகேக்கையும் நிண்டனான். நீயும் பழகியிட்டாய்."

"ஏன் நிக்கிறனீங்கள்?"

"இராசமணி அக்கான்ரை அறை அது. அம்பலவாணரின்ரை கடைசி மகள். தொண்ணூற்றொண்டிலை சண்டைக்குப் பயந்து சனமெல்லாம் ஊரைவிட்டு வெளிக்கிடேக்கை, வீட்டுக்கு விளக்கு வைக்க ஆள் வேணுமெண்டு தனிய நிண்டவ. பதினேழு வயசு. எனக்குப் பதினொண்டு. நாங்கள் திரும்பி வரேக்கை அவ இல்லை. பெட்டை தனிய நிண்டிருக்க மாட்டாள், ஆரோடையோ போயிருப்பாள் எண்டு சனம் சொல்லிச்சுது. ஒருத்தரும் தேடேல்லை."

"சரி, ஏன் நிக்கவேணும்?"

"அவதானே முதல் விளக்கடிக்குப் போகவேணும்? வழி விடுறதுதான்."

போனேன். நின்றேன். இந்த முறை எனக்கு அது நினைவிருக்கிறது. என் முழங்கையைத் தொட்டுக்கொண்டு காற்றுப் போனது. அந்தப் பக்கம் யன்னல் இல்லை.

யூன் 28, சனி

பிரதாபன் அண்ணைக்கு எழுதினேன். அப்படி ஒரு மாமி இருந்ததை அவருடைய அப்பா இன்றுவரை சொல்லவில்லையாம்.

யூலை 11, வெள்ளி

கூட்டாளிகள் விட்டுக்கொடுத்துவிட்டார்கள். கேமில் பெண்தான். அவளுக்குப் பெயரும் உண்டு: இராசமணி.

புதிய கேமை இன்று பின்னேரம், விளக்கு வைத்துவிட்டு வந்து, அம்மாவும் அண்ணாவும் நானும் பார்த்தோம். அவள் மேற்கு அறை வாசலுக்கு வந்ததும் அண்ணா கீயிலிருந்து கையை எடுத்தான். நான் எண்ணத் தொடங்கினேன். எண்ண ஒன்றும் இருக்கவில்லை. அவள் நிற்காமல் நேரே விளக்கடிக்குப் போனாள்.

அம்மா கதிரையை விட்டு எழும்பி, சுவரோரமாக ஒதுங்கி நின்றா.

சாப்பிட்ட பிறகு, ஆர் நம்புவினம் என்று கேட்ட அண்ணாவும் தன் அறை வாசலில் சுவரோரமாகக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகுதான் படுக்கப்போக லைற்றுகளை நூர்த்தான்.